ஒரு கேபி பாட்டு

போன சாரல் சீசனில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், செங்கோட்டையில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் பென்டிரைவோடு வந்தார். "தம்பி, வீட்டுல இருந்த சிடி எல்லாத்தையும் இதுல ஏத்திட்டேன். ஒண்ணுகூடப் பாட மாட்டேங்குது."

திறந்தால் ட்ராக் 01, ட்ராக் 02 என்று வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேபி. வயிற்றைக் கலக்கியது.

"சிடி எல்லாம் எங்க சார்?"

"இடத்தை அடைக்குதேன்னு பாதியைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்."

ஆடியோ சிடியில் பாட்டு, ஃபைலாக இருப்பதில்லை. விண்டோஸ் காட்டும் 'சிடிஏ' என்பது, இன்ன பாட்டு தட்டில் இன்ன இடத்தில் தொடங்குகிறது என்கிற குறிப்பு மட்டும். மொத்தமே 44 பைட். அதைக் காப்பி செய்துவிட்டு சிடியைப் பழைய பேப்பருக்குப் போடுவது, விலாசத்தை எழுதி வைத்துக்கொண்டு வீட்டை விற்பது மாதிரி.

பாட்டையே எடுக்க 'ரிப்' செய்ய வேண்டும். நான் பயன்படுத்துவது எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்கிற சாஃப்ட்வேர். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். சந்தேகப்பட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும், அதனால் கீறல் விழுந்த தட்டில் மெதுவாகத்தான் போகும். எம்பி3 வேண்டாம், ஃப்ளாக் (FLAC) வகை ஃபைலாக வையுங்கள். ஒலியில் எதுவும் குறையாது. ஒரு சிடிக்கு 300, 400 எம்பி ஆகும். இருநூறு சிடி வைத்திருந்தாலும் 80 ஜிபி போதும்.

எதை முதலில் எடுப்பது? எல்லாரும் கடையில் வாங்கிய சினிமாப் பாட்டில்தான் தொடங்குகிறார்கள். அது வேறு யார் வீட்டிலாவது கிடைக்கும். ஸ்டூடியோக்காரர் ரைட் செய்து கொடுத்த கல்யாணக் கச்சேரி வேறெங்கும் கிடைக்காது. ரைட் செய்த சிடியில் பதிவு நிற்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலிலும் சூட்டிலும் அது வெளுக்கும். ஆகவே அதுதான் முதலில்.

இன்னொன்று. பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைப்போம். அதில் கீறினால் பாலிஷ் போட்டுப் பார்க்கலாம். பெயர் எழுதும் மேல்பக்கம்தான் ஆபத்து: மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே வெள்ளிப் பூச்சு இருக்கிறது. சாரிடம் மிஞ்சியவற்றில் மகள் அரங்கேற்றத்தின் சிடியும் இருந்தது. ஈரத்தில் நைந்த ஸ்டிக்கரை அவர் நகத்தால் உரித்திருந்தார். கூடவே சுண்டு விரல் நகம் அளவுக்கு வெள்ளியும் போயிருந்தது. ஓட்டை வழியே என் கடை டியூப்லைட் தெரிந்தது. ஒன்பது பாட்டில் ஏழுதான் மீண்டன.

எடுத்ததும் பெயர் வையுங்கள். நெட்டிலிருந்து தானாக வரும் பெயரை நம்பாதீர்கள், நம் ஊர் சிடிக்குப் பாதி நேரம் வராது, வந்தாலும் கர்நாடக சங்கீதத்தில் பாடியவர் இடத்தில் தியாகராஜர் உட்கார்ந்திருப்பார். ராகத்தைப் பாட்டின் பெயரோடு சேர்த்துவிடுங்கள். எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். எங்கள் பக்கம் தமிழ் சிடியும் மலையாள சிடியும் கலந்துகிடக்கும் வீடுகள்தான் அதிகம். ஒன்றில் ஜேசுதாஸ், இன்னொன்றில் யேசுதாஸ் என்று ஏற்றினால், தேடும்போது அவர் பாட்டில் பாதிதான் அகப்படும்.

ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும், ஒரே வீட்டில் வேண்டாம். ஐப்பசி இடியில் கருகிய கம்ப்யூட்டர்கள் வருஷா வருஷம் என் மேசைக்கு வருகின்றன. சாருடைய இரண்டாவது டிஸ்க் இப்போது புனலூரில், மகள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. பழைய பேப்பர்காரரையும் போய்ப் பார்த்தாராம். சிடிகளைத் தென்னந்தோப்பில் குருவி விரட்டக் கட்டியாகிவிட்டதாம்.