பதினோரு கிலோ குறைஞ்சுது சரி, குறைஞ்சது எது?

போன வாரம் ஒரு அக்கா முட்டி வலின்னு வந்தாங்க, வயசு 47. உட்கார்ந்ததும் வலியைப் பத்திப் பேசல, போனை எடுத்து எடை மெஷின் போட்டோவைத்தான் காட்டுனாங்க, ரெண்டரை மாசத்துல 72ல இருந்து 61. சந்தோஷம்க்கா, இந்த ஸ்டூல்ல கை ஊணாம எந்திரிங்கன்னேன். முடியல. ரெண்டாவது தடவை முன்னாடி குனிஞ்சு ஒரு உந்து உந்துனாங்க, பாதியிலேயே பொத்துன்னு உட்கார்ந்துட்டாங்க. என்ன சாப்பிடுறீங்கன்னா காலைல வெள்ளப்பூசணி ஜூஸ், மதியம் ஒரு கப் காய், நைட்டு ரெண்டு கொய்யா, அதோட ரெண்டு வேளை வாக்கிங். பிசியோதெரபிஸ்டா எனக்கு இந்த மாசத்துல இது நாலாவது கேஸ், அதான் எழுத உட்கார்ந்துட்டேன்.

எடை மெஷினுக்கு கொழுப்பும் தெரியாது தசையும் தெரியாதுங்க. முதல் வாரத்துல சர்ருன்னு ரெண்டு மூணு கிலோ இறங்குதே, அதுல பெரும்பங்கு தண்ணி. சோறைக் குறைச்சதும் தசையிலயும் கல்லீரல்லயும் சேர்த்து வெச்ச கிளைக்கோஜன் (உடம்பு சேமிச்சு வெக்கிற சர்க்கரை) காலியாகுது, அது ஒரு கிராமுக்கு கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும், அதுவும் கூடவே போயிடும். ரெண்டு நாள் கல்யாண வீட்டுல சாப்பிட்டா அத்தனையும் திரும்ப வந்து நிக்கும். அதுக்கப்புறமும் பட்டினி கிடந்தா கொழுப்போட சேர்ந்து தசையும் கரையும், மெஷின் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் நம்பர் காட்டும், நீங்களும் ஸ்டேட்டஸ் வைப்பீங்க. டயட்டை விட்டதும் ஏறுறது பெரும்பாலும் கொழுப்பு. அப்போ மறுபடி 72க்கு வந்தாலும் அது பழைய 72 இல்ல, தொடையில பலம் கம்மியான 72. முட்டியைத் தாங்குறதே அந்த தொடைத் தசைதான்.

கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டுற, ஜிம்ல இருக்குற பாடி கம்போசிஷன் மெஷினையும் ரொம்ப நம்பாதீங்க, தண்ணி குடிச்சுட்டு ஏறினாலே நம்பர் மாறும். இடுப்புக்கு இஞ்ச் டேப் போதும். கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியில அஞ்சு தடவை எந்திரிச்சு உட்காருங்க, 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா கவனிக்கணும்னு ஆசிய நாட்டுக்காரங்களுக்கான 2019 தசை இழப்பு வரையறை சொல்லுது.

புரோட்டீன்னாலே பவுடர் டப்பான்னு ஏன் நினைக்கிறீங்கன்னு எனக்குப் புரியல. எடை குறைக்கும்போது ஒரு நாளைக்கு, உடம்பு எடையில கிலோவுக்கு 1.2ல இருந்து 1.6 கிராம் வேணும், 60 கிலோ ஆளுக்கு குறைஞ்சது 72 கிராம். ஒரு இட்லியில 2 கிராம் தேறும், ஒரு முட்டையில 6. சாம்பார்ல பருப்பு இருக்கேன்னு சொல்லாதீங்க, நம்ம வீட்டு சாம்பார்ல பருப்பை கரண்டி போட்டுத் தேடணும். சுண்டல், மீன், கோழி, தயிர், பன்னீர், மீல் மேக்கர் (காய்ஞ்சதா 50 கிராம் போட்டாலே 25 கிராம் புரோட்டீன்), இதுல ஏதாவது ஒண்ணு ஒவ்வொரு வேளையும் தட்டுல இருக்கட்டும். கிட்னி பிரச்சினை இருக்குறவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேக்காம கூட்டாதீங்க. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்க சாப்பாட்டைக் குறைக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க, லோ சுகர்ல மயங்கி விழுந்தப்புறம் இல்ல.

வாக்கிங் நல்லதுதான், ஆனா தசையைக் காப்பாத்த அது பத்தாது. வாரத்துல ரெண்டு மூணு நாள் வெயிட் தூக்கணும். "ஆம்பள மாதிரி ஆயிடுவேனா சார்"னு கேக்குறவங்களே, வருஷக்கணக்கா அதுக்குன்னே உழைக்கிற பசங்களுக்கே அந்த உடம்பு லேசுல வர்றதில்ல, குடம் தூக்குற உங்களுக்கு அஞ்சு கிலோ டம்பெல்ல வந்துடுமா? எடை குறைக்கிற ஊசி போடுறவங்களுக்கும் இதேதான், பசி இல்லைன்னு ரெண்டு பிஸ்கட்டோட படுக்காதீங்க ப்ளீஸ். வாரத்துக்கு அரை கிலோ குறைஞ்சா தாராளம்.

அந்த அக்காவுக்கு ஸ்டூல் மேல ரெண்டு தலகாணி போட்டு உயரமாக்கி, அதுல இருந்து எட்டு எட்டா மூணு தடவை எந்திரிக்கச் சொல்லியிருக்கேன், காலைல ஜூஸுக்குப் பதிலா ரெண்டு முட்டையும் சுண்டலும். "எடை ஏறிடுமா தம்பி?"ன்னு வாசல்ல நின்னு கேட்டாங்க. அடுத்த தடவை மெஷின் போட்டோ வேணாம்க்கா, ஒரு தலகாணியை எடுத்துட்டு எத்தனை தடவை எந்திரிச்சீங்கன்னு எழுதிட்டு வாங்கன்னு அனுப்பி வெச்சேன்.