குற்றவாளி பிடிபடாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம்

குற்ற வழக்கை நடத்துவது அரசு, பாதிக்கப்பட்டவர் அதில் வெறும் சாட்சி என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமல்ல, காவல் நிலையங்களிலும் ஏன், வழக்கறிஞர்கள் சிலரிடமும்கூட இன்னும் மாறவில்லை. இலவச சட்ட உதவி வழக்குகளைக் கவனிக்கும் என்னிடம் வருபவர்களில் பலர், "ஆளே சிக்கவில்லை, இனி என்ன இருக்கிறது?" என்ற முடிவோடுதான் வருகிறார்கள்.

சங்கிலிப் பறிப்பின்போது ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்த ஒரு பெண்ணின் கணவர், பிளாஸ்டிக் உறை ஒன்றில் தன் காகிதங்களை எடுத்து வந்திருந்தார். அதில் புகாருக்குக் காவல் நிலையம் தந்த சி.எஸ்.ஆர். ரசீது, மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, வழக்கை முடிக்கப்போவதாகக் காவல்துறை தெரிவித்து, அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஆர்.சி.எஸ். நோட்டீஸ் ஆகியவை இருந்தன. முதல் தகவல் அறிக்கையின் நகல் மட்டும் இல்லை. அதை யாரும் தரவில்லை, இவரும் கேட்கவில்லை. சி.எஸ்.ஆர். என்பது மனு பெறப்பட்டதற்கான ஒப்புகை மட்டுமே, அது வழக்குப் பதிவு ஆகாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனடியாக, கட்டணமின்றித் தர வேண்டும். சம்பவம் வேறு காவல் நிலைய எல்லையில் நடந்தது என்று சொல்லிப் புகாரை வாங்க மறுக்கவும் முடியாது. மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையெனில் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.

வழக்கு பதிவான பிறகு, விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதை 90 நாட்களுக்குள் காவல்துறையே தெரிவிக்க வேண்டும் என்று 193-ஆவது பிரிவு கூறுகிறது. நடைமுறையில் பெரும்பாலும் நாமாகப் போய்க் கேட்டால்தான் தெரிகிறது. ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்தால், வழக்கை முடித்துக்கொள்ளக் காவல்துறை அறிக்கை அளிக்கிறது என்று பொருள். அதை நடுவர் ஏற்பதற்கு முன் புகார்தாரரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டிலேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுவதில் தவறில்லை. கையெழுத்திட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடுவதுதான் தவறு. கேமரா பதிவுகள் கைப்பற்றப்படவில்லை, முக்கிய சாட்சி விசாரிக்கப்படவில்லை என்பன போன்ற குறைகளைச் சுட்டிக்காட்டி ஆட்சேபனை மனு தாக்கல் செய்யலாம்.

அந்தக் கணவர் சற்றும் எதிர்பாராத செய்தி, இழப்பீடு பற்றியது. அதே சட்டத்தின் 396-ஆவது பிரிவின்படி, குற்றவாளி அடையாளம் காணப்படாமல் நீதிமன்ற விசாரணையே நடக்காமல் போனாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருப்பவரோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கோரி விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடித்து, மாநில அரசின் இழப்பீட்டுத் திட்டத்தின்படி தொகையை நிர்ணயிக்க வேண்டும். பறிபோன நகைக்கு விலை கொடுக்கும் ஏற்பாடு அல்ல இது. உடல் பாதிப்பு, வருமான இழப்பு, மறுவாழ்வுத் தேவை ஆகியவற்றை ஆவணங்களோடு காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்றுகள், வேலைக்குப் போக முடியாததற்கான ஆதாரம், வங்கிப் பாஸ்புக் நகல் ஆகியவற்றை இணைத்து விரைவாகக் கொடுப்பது நல்லது. விண்ணப்பம் எழுதித் தரவும் ஆணைக்குழுவிலேயே உதவி கிடைக்கும். தொலைபேசியில் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது.

பாலியல் வன்கொடுமைக்கும் அமில வீச்சுக்கும் உள்ளானவர்களுக்குத் தனியார் மருத்துவமனை உட்பட எந்த மருத்துவமனையும் உடனே இலவச சிகிச்சை அளிக்க வேண்டும். காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை என்பதால், "எஃப்.ஐ.ஆர். எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது சட்டப்படி செல்லாது. சிகிச்சை மறுத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

குற்றவாளி பிடிபட்டு நீதிமன்றத்தில் விசாரணை நடந்தால், பாதிக்கப்பட்டவர், நீதிமன்ற அனுமதியுடன் அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தமக்கென ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாது என்றாலோ, 413-ஆவது பிரிவின்கீழ் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். இதற்கு நீதிமன்றத்தின் முன்அனுமதி பெறத் தேவையில்லை என்பதை மல்லிகார்ஜுன் கொடகலி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மேல்முறையீட்டுக்குக் கால வரம்பு இருப்பதால், தீர்ப்பு சொல்லப்பட்ட நாளிலேயே அதன் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிடுவது பாதுகாப்பானது.