‘டேஞ்சர் ஜோன்’ பேஸின் உறுமல் எங்கிருந்து வருகிறது?

1986-இல் வந்த ‘டாப் கன்’ படத்தின் பாடல் ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதிலிருந்த ‘டேக் மை பிரெத் அவே’ பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் போர் விமானம் கிளம்பும் காட்சியோடு சேர்ந்து மனதில் பதிந்த பாட்டு, கென்னி லாகின்ஸ் பாடிய ‘டேஞ்சர் ஜோன்’. ஜார்ஜியோ மொரோடர் இசை, டாம் விட்லாக் வரிகள். எல்லோரும் அதன் கிட்டாரைப் புகழ்வார்கள். பாட்டை அடியிலிருந்து தள்ளிக்கொண்டு ஓடுவதோ அந்த முரட்டு பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களின் ஓட்டம். அது கம்பியில் மீட்டியதல்ல. யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசரோடு வந்த ‘பேஸ் 1’ என்ற பிரீசெட், அதாவது கருவியிலேயே தயாராக வந்த ஒலி. ‘ஆ-ஹா’ குழுவின் ‘டேக் ஆன் மீ’ பாட்டிலும் இதே பிரீசெட்தான்.

அதற்கு முந்தைய அனலாக் சிந்தசைசர்களில் பெரும்பாலானவை, மேற்சுரங்கள் (அடிச்சுரத்துக்கு மேலே கூடவே ஒலிக்கும் அதிர்வெண்கள்) நிறைந்த ரம்ப வடிவ அலையை எடுத்துக்கொண்டு வேண்டாததை ஃபில்டரால் வெட்டும். 1983-இல் வந்த டிஎக்ஸ்7-இல் வெட்டுவதற்கு ஃபில்டரே கிடையாது. அது மேற்சுரமே இல்லாத வெறும் சைன் அலையில் தொடங்குகிறது. ஒரு சைன் அலையை இன்னொரு சைன் அலையால் அசைத்து, மேற்சுரங்களைப் புதிதாக உண்டாக்குகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த அதிர்வெண் பண்பேற்றம்தான், எஃப்எம் வானொலியின் அதே கணக்கு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-இல் இதைக் கண்டுபிடித்தார். ஒரு சுரத்தை நொடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழும் அசைத்தால் குரல் நடுக்கம்போல் கேட்கும். அந்த அசைவை நொடிக்கு ஐம்பது, நூறு என்று ஏற்றிக்கொண்டே போனால் நடுக்கம் தனியாகத் தெரியாமல் போய், ஒலியின் நிறமே மாறிவிடும்.

எண்களோடு பார்க்கலாம். கேட்கும் அலை 55 ஹெர்ட்ஸ், அசைக்கும் அலையும் 55 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 55-ஓடு 55-ஐக் கூட்டிக்கொண்டே போனால் 110, 165, 220 என்று புதிய அதிர்வெண்கள் எழும். கழித்தால் 0, −55, −110 என்று வரும். எதிர்மறை எண்கள் திரும்பி 55, 110 ஆக, கட்டம் (அலை தன் சுற்றில் நிற்கும் இடம்) தலைகீழாகி, ஏற்கெனவே இருப்பவற்றோடு கலக்கும். சிலவற்றைக் கூட்டும், சிலவற்றைக் குறைக்கும். கேட்கும் அலைக்கும் அசைக்கும் அலைக்கும் விகிதம் 1:1 என்றால் எல்லா மேற்சுரங்களும் கிடைப்பதால் ஒலி நிறைவாக இருக்கும். 1:2 வைத்தால் 55, 165, 275 என்று ஒற்றைப்படை மட்டும் வந்து, கிளாரினெட் போல உள்ளீடற்றுக் கேட்கும். 1:1.4 வைத்தால் பெரும்பாலானவை அடிப்படைச் சுரத்தின் மடங்காக வராது. மணியோசை அப்படித்தான் பிறக்கிறது.

எவ்வளவு பலமாக அசைக்கிறோம் என்பதைச் சொல்வது பண்பேற்றக் குறியெண். அது 0 என்றால் தூய சைன். 1 என்றால் மூல அலை 77 விழுக்காடாகக் குறைந்து, பக்கத்தில் முளைத்தவை 44 விழுக்காட்டு உயரத்தில் நிற்கும். 2.4-ஐத் தொடும்போது மூல அலையே மறைந்துவிடும். மொத்த ஆற்றல் ஏறக்குறைய மாறாது என்பதால், மேலே பளபளப்பு கூடக் கூட அடியில் கனம் குறைகிறது. எஃப்எம் பேஸ் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

இனி இந்தக் கருவியின் உயிர்நாடி. டிஎக்ஸ்7-இல் ஒரு குரலுக்கு, அதாவது ஓர் ஒலி அமைப்புக்கு, ஆறு ஆபரேட்டர்கள்; ஒவ்வொன்றும் ஒரு சைன் அலை, தனக்கென்று ஒரு என்வலப் (நேரத்தோடு அளவு ஏறி இறங்கும் விதம்). கேட்கும் ஆபரேட்டரின் என்வலப் சத்தத்தை ஆளும். அசைக்கும் ஆபரேட்டரின் என்வலப் நிறத்தை ஆளும். கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதையும் அசைக்கும் ஆபரேட்டரோடு இணைக்கலாம். அப்போது ஓங்கி அடித்தால் ஒலி பெரிதாவதோடு நிற்காது, முரடாகும். உண்மையான பேஸ் கம்பியும் அப்படியே நடந்துகொள்கிறது: சுண்டிய கணத்தில் கூர்மை, பிறகு மெல்ல மங்கல். சிறிய டிவி ஸ்பீக்கரால் 55 ஹெர்ட்ஸை வெளியிட முடியாது. ஆனால் 110, 165, 220 காதில் விழுந்தாலே மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே பேஸ் புதையாமல் கேட்பதற்கும் அந்த மேற்சுரங்களே காரணம்.

செய்து பார்க்க, டிஎக்ஸ்7-ஐப் போலவே இயங்கும் டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருள் போதும். புதிய குரலைத் திறந்து அல்காரிதம் (எந்த ஆபரேட்டர் எதை அசைக்கும் என்ற இணைப்பு முறை) 2-ஐத் தேர்ந்தெடுங்கள். இதில் ஆபரேட்டர் 2, 1-ஐ அசைக்கும். ஃபீட்பேக்கும், அதாவது ஓர் ஆபரேட்டர் தன்னையே அசைத்துக்கொள்வதும், 2-இல்தான் இருக்கும். இரண்டுக்கும் விகிதம் 0.50, அதாவது அழுத்தும் கட்டையின் அதிர்வெண்ணில் பாதி. ஆபரேட்டர் 1-இன் அளவு 99, 2-இன் அளவு 83. அளவை 8 படி கூட்டினால் குறியெண் இரட்டிப்பாகும். 99-இல் அது ஏறத்தாழ 13, 83-இல் சுமார் 3. ஆபரேட்டர் 2-இன் என்வலப் வேகங்கள் 99, 60, 30, 70. மட்டங்கள் 99, 83, 60, 0. சுண்டல் மழுங்கலாக இருந்தால் இரண்டாவது வேகத்தை ஏற்றுங்கள். அழுத்த உணர்வு ஆபரேட்டர் 2-க்கு 5, 1-க்கு 2. இதை மாற்றி வைத்தால் சத்தம்தான் அதிகம் ஏறி இறங்கும், உறுமல் குறைவாகவே வரும். ஃபீட்பேக்கை 4-இல் தொடங்கி, கரகரப்பு போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். ஆசிலேட்டர் கீ சிங்க்கை ஆன் செய்யாவிட்டால் ஒவ்வோர் அடியும் வேறு கட்டத்தில் தொடங்கி, ஒலியின் தொடக்கம் ஒரே மாதிரி இருக்காது.

அடிக்கனம் போய்விட்டதென்று குறியெண்ணைக் குறைக்காதீர்கள். அல்காரிதம் 2-இல் ஆபரேட்டர் 3-உம் நேரடியாகக் கேட்கக்கூடியது. 4, 5, 6 ஆகியவற்றை 0-இல் விட்டு, 3-ஐ மட்டும் விகிதம் 0.50, அளவு 85-க்கு ஏற்றினால், போன அடிச்சுரம் தூய சைனாகத் திரும்பி வரும்.

கீழே நன்றாக இருக்கும் ஒலி மேல் கட்டைகளில் கீச்சிட்டால், காரணம் சாம்ப்ளிங் ரேட், அதாவது கருவி ஒலியை நொடிக்கு எத்தனை எண்களாக வெளியிடுகிறது என்பது. அசல் டிஎக்ஸ்7-இல் அது சுமார் 49,000. அதில் பாதியைத் தாண்டும் மேற்சுரம் மடிந்து கீழே விழும். 30,000 ஹெர்ட்ஸில் வர வேண்டியது 19,000-இல் ஒலிக்கும், சுரத்தோடு ஒட்டாது. ஆபரேட்டர் 2-இன் கீபோர்டு லெவல் ஸ்கேலிங்கில் (கட்டைக்கு ஏற்ப அளவை மாற்றும் அமைப்பில்) உங்கள் பேஸ் வரம்பு முடியும் கட்டையை பிரேக் பாயிண்டாக, அதாவது மாற்றம் தொடங்கும் இடமாக வைத்து, வலப்பக்க வளைவை இறங்குமுகமாக மாற்றி, அதன் டெப்த்தையும் ஏற்றினால் மேலே போகப் போக அசைவு தானாகத் தணியும்.