செமினார்: சொல்லும் பொருளும்

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் ‘செமினார்’ என்பதை இரண்டு பொருளில் சொல்வார்கள். ‘நாளைக்கு நான் செமினார் எடுக்கணும்’ என்றால், வகுப்பில் கூடப் படிப்பவர்கள் முன் ஒரு பாடத்தை விளக்கிப் பேசுவது. ‘செமினாருக்குப் போறோம்’ என்றால், வெளியூர் அறிஞர்கள் வந்து கட்டுரை வாசிக்கும் ஒருநாள், இருநாள் நிகழ்வு. இந்த இரண்டாவது மட்டும் அழைப்பிதழில் ‘கருத்தரங்கம்’ ஆகிவிடும்.

மூலச் சொல் இலத்தீன். ‘செமென்’ விதை, ‘செமினாரியும்’ விதை போட்டு நாற்று வளர்க்கும் பாத்தி. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் மறைமாவட்டங்களில் குருமாணவர் பயிற்சிக்கூடம் வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தக் கூடத்துக்கும் இதே சொல்தான் பெயர்; நாம் ‘செமினரி’, ‘குருமடம்’ என்கிறோம். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கூடி ஆராயும் பயிற்சிக்கு அந்தப் பெயர் வந்தது. அடுத்த நூற்றாண்டில் பெர்லினில் வரலாற்றாசிரியர் ராங்கே மூல ஆவணங்களை மாணவர்களிடம் கொடுத்து, ஆராய்ந்து வாதிடப் பழக்கினார். ஆசிரியர் பேச மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கும் விரிவுரைக்கு மாற்றாக வளர்ந்த முறை இது. அப்படிப் பார்த்தால், பிள்ளைகள் வகுப்பில் ‘எடுக்கும்’ செமினார்தான் பழைய பொருளுக்கு நெருக்கமானது.

‘கருத்தரங்கு’ இக்காலத்தில் ஆக்கிய சொல். ‘கருத்தரங்கம்’ என்றாலும் சரிதான். ‘கருத்தரங்கக் கூட்டம்’ என்பதில்தான் ஒரு சொல் மிகை. சொல் புதிது, வழக்கம் பழையது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. அரங்கேற்றம் என்றால் படித்துக் காட்டிவிட்டு இறங்குவதோடு முடியாது. அவையோர் தடை எழுப்புவார்கள், நூல் செய்தவர் விடை சொல்ல வேண்டும். இலத்தீனுக்கும் தமிழுக்கும் இந்த இடத்தில் தொடர்பு எதுவும் இல்லை, ஆனாலும் திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்தைத் திறந்தால் அதே பாத்தி நிற்கிறது:

‘உணர்வ துடையார்முன் சொல்லல் வளர்வதன்
பாத்தியுள் நீர்சொரிந் தற்று.’ (718)

தானே உணரும் ஆற்றல் உடையவர் முன் பேசுவது, வளரும் பயிர் நிற்கும் பாத்தியில் நீர் பாய்ச்சுவது போல. செமினாருக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அதனால் ஒருவர் பேசிப் பலர் கேட்பதை ‘சொற்பொழிவு’ என்றே சொல்வோம். 1897 ஜனவரியில் பாம்பனில் வந்திறங்கிய விவேகானந்தரை இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். அங்கும் இராமநாதபுரத்திலும் விவேகானந்தர் ஆற்றியவை சொற்பொழிவுகள். செய்து பழகுவது ‘பயிலரங்கு’. பெருந்திரளாகக் கூடுவது ‘மாநாடு’. கட்டுரையும் கேள்வியும் மறுப்பும் சேர்ந்ததே கருத்தரங்கு. அப்புறம், அழைப்பிதழ்களில் ஹியூமானிட்டீஸை ‘மானிடவியல்’ என்று அச்சிடுகிறார்கள். அது மனித இனத்தை ஆராயும் ஆந்த்ரபாலஜிக்கு உரிய பெயர். மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் எல்லாம் அடங்கிய தொகுதியை ‘கலைப்புலம்’ என்றால் குழப்பம் இல்லை.

பொதுமக்களுக்கான கலைப்புலக் கருத்தரங்குக்கு இந்தக் கரையில் பொருளுக்குப் பஞ்சமே கிடையாது. வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. இவற்றைப் பற்றிக் கட்டுரை வாசிக்கும்போது, கொண்டலும் கச்சானும் எந்த மாதம் வீசும், எந்தக் காற்றில் மரக்கலம் எந்தக் கரையை அணைய முடியும் என்று அறிந்த கடலோடிகள் அவையில் இருக்க வேண்டும். ‘அந்தக் காற்றில் அப்படி வந்திருக்க முடியாது’ என்று ஒருவர் எழுந்து சொன்னால் அதுதான் தடை. கட்டுரையாளர் விடை சொல்லியாக வேண்டும். நான் பார்த்த பல நிகழ்வுகளில் வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை என்று காலை கழிந்து, கேள்வி நேரம் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. நிகழ்ச்சி நிரலில் கேள்விக்கென்று பாதி நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, அப்புறம் மேலே ‘கருத்தரங்கு’ என்று அச்சிடட்டும்.