மியூட்டேஷன்: ‘மரபணு மாற்றம்’ அன்று, திரிபு

தலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகை பற்றிய துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுப்பதற்காக, ஒரு மருத்துவமனையின் ஆலோசனை அறையில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் ஏற்றிக்கொள்ள வந்திருந்த இரண்டு வயதுக் குழந்தையின் பரிசோதனை முடிவைப் பார்த்த ஆலோசகர், உடன் வந்த பாட்டியிடம், “குழந்தைக்கு மரபணு மாற்றம் இருக்குதுங்க பாட்டி. அம்மா, அப்பா ரெண்டு பேருகிட்ட இருந்தும் வந்திருக்குது” என்று பொறுமையாகச் சொன்னார். பாட்டி குழந்தையின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவியபடியே, “ஆரு கண்ணு மாத்துனாங்க?” என்று கேட்டார். சிறிது நேரம் கழித்து, “மரபணு மாத்துன கத்திரிக்கான்னு பேப்பர்ல போடறாங்களே, அந்த மாதிரி ஏதாச்சும் இவங்கம்மா தின்னுட்டாளோ?” என்றும் கேட்டார். ஆலோசகர் எவ்வளவோ விளக்கியும் அவருடைய முகம் தெளியவில்லை. மருமகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

பாட்டியின் கேள்வியில் அறியாமை எதுவும் இல்லை. அவர் காதில் விழுந்த தமிழ் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வைக்கும். பிழை நம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மியூட்டேஷன் என்பதற்கு ‘மரபணு மாற்றம்’ என்று செய்தித்தாள்களும் மருத்துவக் கட்டுரைகளும் துண்டறிக்கைகளும் ஓயாமல் எழுதிவருவதால், அது ஏன் தவறு என்பதையும் அதற்கு உரிய தமிழ்ச் சொல் எது என்பதையும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பு எளியது. லத்தீனில் ‘மூட்டாரே’ என்றால் மாறுதல், மாற்றுதல். அந்த வேரிலிருந்து வந்த சொல்லை உயிரியலில் நிலைநிறுத்தியவர் நெதர்லாந்துத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ். 1886ல் ஹில்வர்சம் ஊருக்கு அருகே, கைவிடப்பட்ட உருளைக்கிழங்கு வயலொன்றில் மண்டிக் கிடந்த அந்திப் பூச்செடிகளுக்கு நடுவே, தாய்ச்செடியைப் போல இல்லாத சில செடிகளைக் கண்டார். அவற்றைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து, புதிய இனங்கள் ஒரே தாவலில் தோன்றுகின்றன என்ற கொள்கையை 1901 முதல் வெளியிட்டார். அவர் கண்ட ராட்சதச் செடியில் மரபணு எதுவும் மாறவில்லை என்பதும், 14 குரோமோசோம்கள் 28 ஆக இரட்டித்திருந்தன என்பதும் பின்னர்தான் தெரிந்தது. இன்று அந்தச் சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள்: உயிரணுவின் டி.என்.ஏ. எழுத்து வரிசையிலோ, குரோமோசோம்களின் அமைப்பிலோ எண்ணிக்கையிலோ நேர்ந்து, உயிரணு பிரியப் பிரியத் தொடர்ந்து செல்லும் வேறுபாடு.

இந்தப் பொருளுக்கு ‘மரபணு மாற்றம்’ ஏன் பொருந்தாது? முதற்காரணம் தமிழ் வினைச்சொல்லிலேயே இருக்கிறது. தானாக நேர்வது மாறுதல்; ஒருவர் செய்வது மாற்றுதல். ஆனால் ‘மாற்றம்’ என்ற பெயர்ச்சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பருவநிலை மாற்றம் என்றால் பருவநிலை மாறுகிறது என்று கொள்கிறோம். பணியிட மாற்றம், பெயர் மாற்றம், ஆட்சி மாற்றம் என்றால் யாரோ மாற்றினார்கள் என்று கொள்கிறோம். எந்தப் பொருளில் கொள்வது என்பதை அந்தத் தொடரின் புழக்கமே முடிவு செய்கிறது. மரபணு மாற்றம் என்ற தொடரின் புழக்கம் நம் நாட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. 2002ல் பி.டி. பருத்திக்கு ஒப்புதல் கிடைத்ததிலிருந்தும், 2010ல் பி.டி. கத்தரிக்காய் நிறுத்தி வைக்கப்பட்டதிலிருந்தும், மரபணு மாற்றம் என்றால் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துப் பயிருக்குள் புகுத்துவது என்றுதான் உழவரும் நுகர்வோரும் பொருள் கொள்கிறார்கள். ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அந்தப் பொருளில்தான் பேசுகிறார்கள். ஒரு கருத்துக்கு உரிமையாகிவிட்ட தொடரை எடுத்து வேறொரு கருத்துக்கும் சூட்டிவிட்டு, படிப்பவர் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று விடுவது மொழிபெயர்ப்பாளர் தம் வேலையைப் படிப்பவர் தலையில் ஏற்றுவதாகும்.

மனிதர் தூண்டியே மியூட்டேஷன் நிகழும் இடமும் உண்டு. குழப்பம் அங்கே இன்னும் கூடுகிறது. 1927ல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, மியூட்டேஷன்களைப் பல மடங்கு பெருக்கிக் காட்டினார். அதே வழியில் 1960களில் தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் காலத்தில், சொனோரா 64 என்ற மெக்சிகோ கோதுமையின் மேல் காமாக் கதிரைப் பாய்ச்சி ஷர்பதி சொனோரா உருவாக்கப்பட்டது. சிவந்த மணி நம்மவருக்குப் பிடிக்காததால் பொன்னிற மணிக்காகச் செய்யப்பட்ட முயற்சி அது. அதில் வேறோர் உயிரின் மரபணு எதுவும் நுழைக்கப்படவில்லை. அதையும் ‘மரபணு மாற்றக் கோதுமை’ என்று எழுதினால், பி.டி. கத்தரிக்காய்க்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் சொல்லவே வழியில்லாமல் போகும். ஒரு பொருளைப் பற்றி ஒரு சமூகம் வாதிட வேண்டுமானால், வாதத்துக்குரிய இரண்டு பொருள்களுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டாமா?

இரண்டாம் காரணம், நேர்வது எப்போதும் மரபணுவில்தான் என்று அத்தொடர் சொல்லிவிடுகிறது. டவுன் நோய்க்குறியில் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதை 1959ல் ஜெரோம் லெழேனும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். அங்கே எந்த மரபணுவின் எழுத்தும் மாறவில்லை. ஒரு குரோமோசோம் முழுவதுமாக மிகுந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் தமிழ்க் கட்டுரைகள் மரபணு மாற்றம் என்கின்றன.

கரோனா காலத்தில் இன்னொரு சொல் பரவியது: ‘உருமாறிய கரோனா’. கேட்பதற்கு எளிமையாக இருந்ததால் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் உருமாற்றம் என்பது, புழு வண்ணத்துப்பூச்சி ஆவதற்கும் தலைப்பிரட்டை தவளை ஆவதற்கும் நம் பள்ளிப் பாடங்களில் நெடுங்காலமாக உள்ள கலைச்சொல். சுண்ணாம்புக்கல் பளிங்கு ஆவதையும் உருமாற்றம் என்றே நிலவியல் பாடம் சொல்கிறது. அந்த வைரஸிலோ, தொடக்கத்தில் பரவிய மியூட்டேஷன் ஒன்றில், அதன் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்ப்புரதத்தின் 614ஆம் இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் போய் கிளைசீன் என்ற இன்னொன்று வந்தது, அவ்வளவுதான். ஓர் எழுத்து மாறியும் புரதம் சிறிதும் மாறாமல் இருக்கும் மியூட்டேஷன்களும் ஏராளம். உரு மாறாத இடத்தில் உருமாற்றம் என்பது எப்படிச் சரியாகும்? செய்தியறையில் அவசரத்தில் பிறந்த சொல்லை அவசரம் தீர்ந்த பிறகாவது மறுபடி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நலவாழ்வுக் கட்டுரைகளில் ‘மரபணுப் பிறழ்வு’ என்று எழுதுகிறவர்கள் ஓரளவு சிந்தித்தவர்கள். பிறழ்தல் தானாக நேர்வது என்பதால் பாட்டியின் முதற்கேள்வி எழாது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. நடத்தைப் பிறழ்வு, மனப்பிறழ்வு, வாய்மை பிறழாமை என்று அந்தச் சொல் எங்கே வந்தாலும், இருக்க வேண்டிய ஒழுங்கிலிருந்து வழுவிய குற்றம் என்ற தீர்ப்பையும் உடன் கொண்டுவருகிறது. மியூட்டேஷனில் அப்படி ஒரு தீர்ப்பு இல்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத புதிய எழுத்து வேறுபாடுகளை ஏறத்தாழ 60, 70 அளவில் சுமந்துதான் பிறக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. இந்தியாவில் முதன்முதலாக 1952ல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்ட, சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் அரிவாளணுச் சோகையையே எடுத்துக்கொள்ளலாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றால் கடும் மலேரியாவிலிருந்து பெருமளவு காப்பு. ஒரே எழுத்து வேறுபாடு துன்பமாகவும் காவலாகவும் இருக்கும்போது அதைப் பிறழ்வு என்று முத்திரை குத்த நமக்கு என்ன உரிமை?

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சடுதிமாற்றம்’ என்கின்றன. மற்ற எல்லாவற்றையும்விட இது மேல். கலைச்சொல்லாகவே வாழ்வதால் வேறெதனோடும் குழம்புவதில்லை. ஆனால் அதன் ‘சடுதி’ டி விரீஸின் தாவல் கொள்கையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது போலத் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தில் தொடர்ந்துவரும் ஒன்றைப் பாட்டியிடம் சடுதிமாற்றம் என்று சொன்னால், நேற்று வரை இல்லாதது இன்று எப்படி வந்தது என்றுதான் கேட்பார்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘விகாரம்’ என்கின்றன. இங்கே பேச்சில் விகாரம் என்றால் அருவருப்பு, கோரம் என்றாகிவிட்டதால், நோயுற்ற குழந்தையின் தாயிடம் அதைச் சொல்ல நா எழாது. ஆனால் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களின் இலக்கணப் பயிற்சியை எண்ணி எண்ணி வியக்கிறேன். சொற்கள் புணரும்போது நேரும் விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்று நன்னூல் வகுக்கிறது. வாழை என்பதும் பழம் என்பதும் சேர்ந்து வாழைப்பழம் ஆகும்போது ஒற்று ஒன்று தோன்றுகிறது. பொன், குடம் இரண்டும் பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்து திரிகிறது. மரம், வேர் இரண்டும் மரவேர் ஆகும்போது ஓர் எழுத்து கெடுகிறது. இப்போது அந்தக் குழந்தையின் பீட்டா குளோபின் மரபணுவைப் பாருங்கள். சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும், 11ஆம் குரோமோசோமில் உள்ள சிறிய மரபணு அது. அதன் எழுத்துகள் மும்மூன்றாகச் சேர்ந்த தொகுதிக்குக் குறியன் என்று பெயர். ஆறாம் குறியனில் அடினைன் என்ற எழுத்து போய் தைமின் என்ற எழுத்து வந்தால் அரிவாளணுச் சோகை: இது திரிதல். எட்டாம், ஒன்பதாம் குறியன்களுக்கு இடையே குவானைன் என்ற எழுத்து ஒன்று கூடினால் தலசீமியா: இது தோன்றல். 41, 42ஆம் குறியன்களில் நான்கு எழுத்துகள் விழுந்துவிட்டாலும் தலசீமியா: இது கெடுதல். இந்தியாவில் அடிக்கடி காணப்படும் தலசீமியா வகைகளில் இவ்விரண்டும் உள்ளன. எழுத்துகளின் வரிசையில் நேரும் வேறுபாட்டை இவ்வளவு நுட்பமாக வகைப்படுத்திப் பெயரிட்ட மொழிக்கு, எழுத்து வரிசையாகவே எழுதப்பட்ட மரபைப் பற்றிப் பேச வெளியிலிருந்து சொல் தேட வேண்டியதில்லை.

நன்னூலுக்கு முந்திய தொல்காப்பியம் இதே மூன்றையும் மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று சொல்லி, இவை ‘திரியும் ஆறு’ என்கிறது. வடசொல்லான விகாரம் நிற்கும் இடத்தில் தொல்காப்பியர் வைத்த தமிழ்ச்சொல் திரிபு. மூன்று வகைக்கும் பொதுப்பெயர் அது. தமிழ் என்பதற்காக மட்டும் அதை நான் கேட்கவில்லை, தெளிவுக்காகவும் கேட்கிறேன். பால் திரிந்தது என்கிறோம். யார் திரித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நிலத்தின் இயல்பால் நீர் திரியும் என்று குறள் சொல்லும்போதும் அங்கே ஒரு கை இல்லை. கை இருந்தால் அது திரித்தல்: கயிறு திரித்தல், செய்தியைத் திரித்தல். தன்வினைக்குத் திரிபு, பிறவினைக்குத் திரிப்பு என்று பெயர்ச்சொல்லிலும் வேறுபாடு நிற்கிறது. மாற்றம் என்ற சொல்லால் காக்க முடியாத எல்லை இதில் தானாகக் காக்கப்படுகிறது.

மறுப்புகள் உண்டு. ஐயந்திரிபற என்னும்போது திரிபு பிழையான உணர்வைக் குறிக்கிறது; வரலாற்றுத் திரிபு என்றால் பொய். உண்மைதான். ஆனால் கிள்ளை, மஞ்ஞை போன்ற திரிசொல்லைக் குறையுள்ள சொல் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. பிறழ்வைப் போல அது எங்கும் குற்றத்தையே குறிப்பதன்று. இதைவிட வலுவான மறுப்பு, ‘டெல்டா திரிபு’, ‘ஒமைக்ரான் திரிபு’ என்று செய்தித்தாள்கள் வைரஸ் வகைகளுக்கே அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டன என்பது. பல திரிபுகள் சேர்ந்து உருவான வகை அது. எனவே அதைத் திரிவகை என்று சொல்லலாம். ஒரே செய்தியில் முதற்பத்தியில் உருமாற்றம், மூன்றாம் பத்தியில் மரபணு மாற்றம், தலைப்பில் திரிபு என்று எழுதிவிட்டு, மூன்றும் ஒன்றா வேறா என்று மொழிபெயர்த்தவருக்கே தெரியாத நிலையில் இந்தச் சிறு வரையறையாவது உதவும். கலைச்சொல் பட்டியலில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்தச் சொல் தமிழில் ஏற்கெனவே எங்கே குடியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆங்கில வரியை ஒரு முறை படிக்கிறார்கள். எழுதி முடித்த தமிழ் வரியை ஒரு பாட்டியின் காதால் ஒரு முறை கேட்டுப் பார்ப்பதில்லை.

மரபணுவுக்குள் நேர்வது மரபணுத் திரிபு. குரோமோசோமில் நேர்வது குரோமோசோம் திரிபு. கதிராலும் வேதிப்பொருளாலும் வரவழைப்பது தூண்டிய திரிபு. மரபணு மாற்றம் என்ற தொடரை பி.டி. பயிர்களுக்கே விட்டுவிடலாம். துண்டறிக்கையில் அந்த இடத்தை இப்படி எழுதிக் கொடுத்தேன்: “ரத்தச் சிவப்பணுவுக்கான மரபணுவின் எழுத்து வரிசை சில குடும்பங்களில் எப்போதோ தானாகத் திரிந்திருக்கிறது. இதை யாரும் செய்யவில்லை. தாய் உண்ட உணவால் இது வருவதில்லை.” அச்சுக்குப் போகும் முன் ‘தானாகத் திரிந்திருக்கிறது’ என்பதை ‘மரபணு மாற்றம் அடைந்துள்ளது’ என்று ஒருவர் திருத்தியிருந்தார். மெய்ப்பில் அதை அடித்துவிட்டு, பழைய வரியையே மறுபடி எழுதி அனுப்பினேன்.