65 வாட் ப்ராசஸர் 180 வாட் இழுக்கும்போது

போன வருஷம் கத்திரி வெயில் சமயத்தில் ஒரு போர்டு என் மேசைக்குத் திரும்பி வந்தது. சாலையோரக் கேமராப் பெட்டிக்குள் உட்காரும் நாலு கோர் ஏஆர்எம் போர்டு, வேறு யாரையும் குறை சொல்ல முடியாது, நான் டிசைன் செய்ததுதான். காலையில் நன்றாக ஓடும், மதியம் இரண்டு மணி வாக்கில் தானாக ரீபூட் ஆகும், சாயங்காலம் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். முதல் ஒரு வாரம் எல்லோரும் சாஃப்ட்வேர் பையனைத்தான் திட்டினோம். பாவம்.

தப்பு என் பக்கம்தான். ப்ராசஸரின் கோர் லைனுக்கு, அதாவது கோர்களுக்குக் கரண்ட் கொடுக்கும் லைனுக்கு, சிப் கம்பெனி தரும் டேட்டாஷீட்டில் 1.8 ஆம்பியர் என்று இருந்தது, நான் 3 ஆம்பியர் ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைத்துக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்) போட்டேன். ஒன்றரை மடங்குக்கு மேலேயே விட்டாச்சு, போதாதா என்று நினைத்தேன். அந்த 1.8 இருந்தது ‘டிபிக்கல்’ என்ற கட்டத்தில். அதன் தலையில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 25 டிகிரியில், சராசரியான ஒரு சிப்பில், அவர்கள் தேர்ந்தெடுத்த ஒரு டெஸ்ட் புரோகிராம் ஓடும்போது எடுத்த அளவு. எங்கள் பெட்டிக்குள் மதியம் காற்றே 65 டிகிரி, நாலு கோரும் விடாமல் படத்தை அலசிக்கொண்டிருக்கும். ‘மேக்ஸிமம்’ கட்டம் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் கவலை இல்லை என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அந்த எண் தனியாக ஒரு அப்ளிகேஷன் நோட்டில், அதாவது சிப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் குறிப்பில், இருந்தது.

ப்ராசஸர் இழுக்கிற பவர் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று, டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி ஆன், ஆஃப் ஆவதால் வருவது. இது கிளாக் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும், அதாவது வோல்டேஜ் 10 சதவீதம் கூடினால் பவர் 21 சதவீதம் கூடும். இன்னொன்று லீக்கேஜ், சும்மா இருக்கும்போதே கசிகிற கரண்ட். இது சூடு ஏற ஏற வேகமாக ஏறும். கசிவு ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் கசிவு இன்னும் ஏறும். போதாக்குறைக்கு, ஒரே பார்ட் நம்பரில் வாங்கிய இரண்டு சிப்புகள்கூட ஒரே அளவு கசிவதில்லை. அதனால் உங்கள் மேசையில் இருக்கிற ஒரே ஒரு சாம்பிளை அளந்துவிட்டு ‘பார்த்துட்டேன், சரியா இருக்கு’ என்று சொல்ல முடியாது.

போர்டை ஹீட் சேம்பருக்குள் வைத்து அதே புரோகிராமை ஓட்டினேன். ஏசி அறையில் 2.2 ஆம்பியர் காட்டியது, 70 டிகிரியில் 2.9ஐத் தொட்டது. அது மல்டிமீட்டர் சொன்ன கணக்கு, மல்டிமீட்டர் சராசரியைத்தான் சொல்லும். கண நேர ஏற்ற இறக்கத்தையும் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டிப் பார்த்தபோது, நாலு கோரும் ஒன்றாக எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் கரண்ட் ஊசி ஊசியாக 3ஐத் தாண்டிப் போனது. ரெகுலேட்டர் பக்கத்தில் நான் போட்டிருந்த ஃபெரைட் இண்டக்டரும் (கரண்ட்டின் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும் காயில்) சூட்டில் சீக்கிரம் சாச்சுரேட் ஆகிற ரகம், அதாவது ஓர் அளவு கரண்டுக்கு மேல் அந்த வேலையைச் செய்யாது. இரண்டும் சேர்ந்த கணத்தில் ரெகுலேட்டரின் கரண்ட் லிமிட் தட்டியது, கோர் வோல்டேஜ் சரிந்தது, ரீபூட். சேம்பர் கதவைத் திறந்து இரண்டு நிமிஷம் காற்று விட்டால் நின்றுவிடும்.

இதே தப்பு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறவர்களிடம் வேறு பெயரில் இருக்கிறது: டிடிபி, அதாவது தெர்மல் டிசைன் பவர். அது கூலரைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன சூட்டுக் கணக்கு, ப்ராசஸர் உச்சத்தில் எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கே இல்லை. 2021 கடைசியில் வந்த 12ஆம் தலைமுறையிலிருந்து இண்டெல் இரண்டு எண்களைக் கொடுக்கிறது. ஐ7-12700க்கு அடிப்படை 65 வாட், டர்போ உச்சம் 180 வாட். அந்த 180 வாட் முழுதும் 1.2 வோல்ட் கோருக்கே போகிறது என்று தோராயமாக வைத்தால் 150 ஆம்பியர். மதர்போர்டின் விஆர்எம் (12 வோல்ட்டை ப்ராசஸருக்கு வேண்டிய வோல்டேஜாக இறக்கும் ரெகுலேட்டர்) 90 சதவீத எஃபிஷியன்ஸி என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின், அதாவது கம்ப்யூட்டரின் பவர் சப்ளைப் பெட்டியின், 12 வோல்ட் லைனிலிருந்து 200 வாட், கிட்டத்தட்ட 17 ஆம்பியர். 65ஐப் பார்த்து மலிவான மதர்போர்டு வாங்கினால் அந்த 150 ஆம்பியரை அதன் விஆர்எம்தான் சுமக்க வேண்டும், பெரும்பாலும் மேலே ஒரு ஹீட்சிங்க்கூட இல்லாமல். ஏஎம்டி பக்கமும் அப்படித்தான். ஏஎம்4 சாக்கெட்டில் 105 வாட் என்று விற்கிற ப்ராசஸருக்கு சாக்கெட் லிமிட் 142 வாட். கரண்டுக்கு மட்டும் இரண்டு லிமிட்: தொடர்ந்து போகலாம் என்பதற்கு 95 ஆம்பியர், கண நேரத்துக்கு 140. இந்தப் பிரிவு எனக்குப் பிடிக்கும். ஹீட்சிங்க்குக்கு நீடித்த சராசரி போதும், சப்ளைக்கும் கெபாசிட்டருக்கும் அந்தக் கண நேர எண்தான் வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்று காசு வீண், இல்லாவிட்டால் ரீபூட்.

இப்போது நான் லைன் லைனாகத்தான் எழுதுகிறேன், கோர், மெமரி, ஐஓ எல்லாம் தனித்தனியாக. மேக்ஸிமம் எண்ணைத்தான் எடுப்பேன், இல்லையென்றால் வெண்டருக்கு மெயில் போட்டு வாங்குவேன். அப்புறம் நம் அப்ளிகேஷனைவிட மோசமான ஒன்றை ஓட்ட வேண்டும், கம்ப்யூட்டரில் ப்ரைம்95, லினக்ஸ் போர்டில் ஸ்ட்ரெஸ்-என்ஜி மாதிரி. அதையும் சூட்டில், ஸ்கோப் மாட்டி. ‘எங்க கஸ்டமர் அப்படியெல்லாம் ஓட்ட மாட்டார்’ என்று மீட்டிங்கில் யாராவது சொல்வார்கள். இன்றைக்கு ஓட்ட மாட்டார், சரி. அடுத்த அப்டேட்டில் யாராவது வீடியோவுக்கு இன்னொரு ஃபில்டர் சேர்ப்பார்கள்.

புது போர்டில் 5 ஆம்பியர் ரெகுலேட்டரும் பெரிய இண்டக்டரும் போட்டோம். ஏற்கெனவே சாலையில் நிற்கிற பெட்டிகளைக் கழற்ற வழியில்லை, அதனால் சிப் சூடாகும்போது கிளாக்கைக் குறைக்கும்படி சாஃப்ட்வேர் பையனே ஒரு அப்டேட் எழுதிக் கொடுத்தான். மதியத்தில் படம் கொஞ்சம் மெதுவாக வருகிறதே என்று கஸ்டமர் ஒரு தடவை கேட்டார், அப்புறம் கேட்கவில்லை.