காத்தே இல்லாத ஊர்ல பாய்மரப் படகு எப்படி ஓடுது?

"லீவுக்கு மலேசியாவுல லங்காவி தீவுக்குப் போறோம், படகுலயே தங்குறோம், அப்படியே செயிலிங்கும் கத்துக்கப்போறோம்"னு சிங்கப்பூர் தேக்காவுல டீ குடிக்கிற இடத்துல சொல்லிப் பாருங்க, முதல் கேள்வி என்ன வரும்னு தெரியும்: காத்து எதிர்ல அடிச்சா என்னண்ணே பண்ணுவீங்க, திரும்பி வந்துடுவீங்களா?

நியாயமான கேள்விதான். காத்து பின்னாடிலேர்ந்து தள்ளினா படகு போகும், அது யாருக்கும் புரியும். ஆனா நிஜத்துல அதுதான் மந்தமான ஓட்டம். 10 நாட் காத்து (மணிக்கு பதினெட்டரை கிலோமீட்டர்) அடிக்குது, படகும் அதே திசையில 5 நாட் வேகத்துல போகுதுன்னா பாய் மேல படுறது மிச்சம் இருக்கிற 5 நாட் மட்டும்தான், படகு வேகமெடுக்க எடுக்க அதுக்கு கிடைக்கிற காத்து குறைஞ்சுக்கிட்டே போகும். காத்து பக்கவாட்டுல வர்றப்பதான் படகு பறக்கும்.

ஏன்னா பாய் தட்டையா விரிச்ச துணி இல்ல, நல்லா வயிறு வெச்சு வளைஞ்சிருக்கும். காத்து அந்த வளைவை ஒட்டி ரெண்டு பக்கமும் ஓடி, திசை மாறி படகோட பின்பக்கமா வெளிய போகுது. பாய் காத்தை ஒரு பக்கம் திருப்புதுன்னா காத்து பாயை மறுபக்கம் தள்ளணும், நியூட்டன் சொன்னதுதான். வளைவோட வெளிப்பக்கம் அழுத்தம் குறையுறதும் இதே கதையோட இன்னொரு முகம். (வெளிப்பக்கம் போற காத்துக்கு தூரம் ஜாஸ்தி, உள்பக்க காத்தோட சேர்ந்துக்க அது ஓடி வருதுன்னு சில புத்தகத்துல போட்டிருப்பாங்க, அது தப்பு, ரெண்டும் சேர்ந்துக்கணும்னு எந்தக் கட்டாயமும் கிடையாது.)

சரி, ஆனா இந்த விசை பெரும்பாலும் படகை பக்கவாட்டுலதான் தள்ளும், முன்னாடி இழுக்கிறது கொஞ்சம்தான். பாய் மட்டும் இருந்தா படகு நண்டு மாதிரி ஒதுங்கிக்கிட்டே போகும். அங்கதான் யாரும் போட்டோ எடுக்காத கீல் வருது, படகுக்கு அடியில தண்ணிக்குள்ள இறங்கியிருக்கிற, மீன் செதில் துடுப்பு மாதிரி கனமான தகடு. படகு சில டிகிரி பக்கவாட்டுல வழுக்கும்போது கீல் தண்ணியைத் திருப்பி எதிர்ப்பக்கம் தள்ளுது, தண்ணி காத்தை விட 800 மடங்கு அடர்த்தி, அதனால அவ்ளோ பெரிய பாய்க்கு இத்துணூண்டு கீல் போதும். மேல ஒரு தள்ளு, கீழ எதிர்த்தள்ளு, பக்கவாட்டு விசை ரெண்டும் கழிஞ்சு போய் மிஞ்சுறது முன்னாடி போற விசை மட்டும்.

நேரா காத்து முகத்துக்கே எந்தப் படகாலயும் போக முடியாது, பாய் படபடன்னு அடிச்சுக்கும். சுமார் 45 டிகிரி விலகி ஒரு பக்கம் போய், டாக் அடிச்சு (அதாவது படகு மூக்கை காத்து வழியா மறுபக்கம் திருப்பி) அந்தப் பக்கம் 45 டிகிரி போய், இப்படி வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறணும், 1 மைல் தூரம் கிட்டத்தட்ட 1.4 மைல் ஆகும். வாடகைக்கு விடுற கேட்டமரான்ல (ரெண்டு உடல் வெச்ச படகு) கீல் குட்டையா இருக்கும், அது இதைவிட மோசமாதான் ஏறும், ஆனா சாயாது, பாட்டி கையில கோப்பி சிந்தாது, குடும்பத்தோட போறவங்க அதையே கேக்குறதுல ஆச்சரியமில்ல. கத்துக்கணும்னா மட்டும் என் ஓட்டு ஒத்தை உடல் படகுக்கு, இல்லன்னா முதல்ல சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் டிங்கின்னு சொல்ற ஒரு சின்னப் படகுல ஏறுங்க, அதுல தப்பு பண்ணா உடனே தெரிஞ்சிடும், நனைஞ்சிடுவீங்க.

இப்போ முக்கியமான சமாச்சாரம். பாய்மரப் படகோட பெட்ரோல் காத்து இல்ல, காத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு 1.3 டிகிரிதான் வடக்க இருக்கு, ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர்ல ரெண்டு பருவக்காத்துக்கும் நடுவுல கொடி கூட அசையாது. ஆனா செயின்ட் ஜான்ஸ், குசு தீவுப் பக்கம் தண்ணி 2, 3 நாட் வேகத்துல ஓடுறது சகஜம். கரையில துளி காத்து இல்லாதப்ப 2 நாட் நீரோட்டத்துல மிதக்கிற படகுல நில்லுங்க, முகத்துல 2 நாட் காத்து அடிக்கும், அதை பாய்ல பிடிக்கலாம், படகு திரும்பும். இதுக்கு நேர்மாறா, 5 நாட் காத்தும் 3 நாட் நீரோட்டமும் ஒரே திசையில போனா பாய்க்கு மிஞ்சுறது 2. ரெண்டும் எதிரெதிரா வந்தா 8 கிடைக்கும், ஆனா அலை குட்டையா செங்குத்தா எழும்பும், காலையில சாப்பிட்ட பிராத்தா பத்திரம். அதனாலதான் ஸ்கிப்பருங்க, அதாவது படகு கேப்டனுங்க, வானிலைக்கு முன்னாடி ஓதம் (கடல் ஏத்த இறக்கம்) எத்தனை மணிக்குத் திரும்புதுன்னு பாக்குறாங்க.

எப்ப போறது? நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரை மலேசியாவோட கிழக்குக் கரைப் பக்கம் இருக்கிற தியோமான் தீவை விட்டுடுங்க, வடகிழக்குப் பருவக்காத்து தென்சீனக் கடல் முழுக்க உருட்டிக்கிட்டு வந்து அங்க மோதும். அதே காத்து மலேசியத் தீபகற்பத்தைத் தாண்டி லங்காவிக்கு வர்றதுக்குள்ள அலையை எல்லாம் நிலம் தடுத்துடும், காத்து மட்டும் கிடைக்கும், கத்துக்க இதைவிட என்ன வேணும்.

தென்மேற்குப் பருவத்துல கவனிக்க வேண்டியது சுமத்ரா ஸ்குவால்னு சொல்ற திடீர் சூறைக்காத்து. விடியுறதுக்கு முன்னாடியோ காலையிலயோ மேற்கேருந்து இருட்டா ஒரு மேகவரிசை வரும், திடீர்னு ஜில்லுனு அடிக்கும், மணிக்கு 40லேர்ந்து 80 கிலோமீட்டர். காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா பாய் மேல விசை நாலு மடங்கு, அதனால மேகத்தைப் பாத்தவுடனே பாயைக் குறைச்சுக் கட்டிடணும், அதுக்குப் பேர் ரீஃப், கோர்ஸ்ல முதல்லயே சொல்லிக்கொடுத்துடுவாங்க. அது கடந்து போனதும் பல தடவை காத்து சுத்தமா செத்துடும், நீரோட்டமும் தப்பான பக்கம் இழுக்கும். அப்ப டீசல் எஞ்சினைப் போடுறதுக்கு வெக்கப்படாதீங்க, ஸ்கிப்பரே முதல் ஆளா சாவியைத் திருப்புவாரு.